உடைசல் பிஸ்கட்

கரும்பு தின்னக் கூலியா என்று கேட்பார்கள். அந்த பிஸ்கட் கம்பெனியில் அவளுக்கு ஒன்பது வருஷமாகக் கூலி கொடுத்தார்கள். அடுப்பிலிருந்து வரும் பெல்ட்டின் முனையில் ஒரு ஸ்டூல், ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு டம்ளர் வெந்நீர். அரை மணிக்கு ஒரு தடவை இடது ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று என மூன்று பிஸ்கட் எடுத்துத் தின்று பார்க்க வேண்டும். கடித்துவிட்டுத் துப்புகிற வேலை இல்லை அது. வெண்ணெய் கெட்டிருந்தால் நாக்குக்குத் தெரியாது, விழுங்கிக் கொஞ்ச நேரம் கழித்துத் தொண்டைக்குத்தான் தெரியும். ஆக, விழுங்கித்தான் தீர வேண்டும். எட்டு மணி நேர ஷிப்டுக்கு நாற்பத்தெட்டு பிஸ்கட்.

அவளுக்கு நாக்கக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. எந்த அடுப்பில் வெந்தது, எந்த மூட்டை மாவு, பிசைகிறவர் அன்றைக்கு அவசரத்தில் இருந்தாரா என்பதுவரை சொல்லுவாள். சேரும்போது ஐம்பத்தெட்டு கிலோ இருந்தவள் எண்பத்தெட்டு ஆனாள். அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, அவளும்தான். தம்பிக்கு இரண்டு கிட்னியும் சுருங்கிப் போகிறவரைக்கும்.

தம்பி சரக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது, இவளுக்குப் பதினாறு. குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, கல்யாணமாகி வரும்போது கையோடு கூட்டிக்கொண்டும் வந்தாள். இப்போது ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருக்கிறான். வாரத்துக்கு மூன்று நாள் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். இவளுடைய கிட்னி அவனுக்குப் பொருந்துகிறது என்று தெரிந்ததும், "எப்போ டாக்டர்?" என்று மட்டும்தான் கேட்டாள்.

"உங்க எடை எண்பத்தொண்ணுக்குக் கீழ வரணும்மா," என்றார் டாக்டர். "அதுக்கு மேல இருந்தா ஆபரேஷன் உங்களுக்கு ஆபத்து. உங்களை நான் தொட மாட்டேன்."

அவ்வளவுதான். ஒரு உயிருக்கும் இன்னொரு உயிருக்கும் நடுவில் ஏழு கிலோ நின்றது.

மறுநாளே சூப்பர்வைசரிடம் சொல்லி ஸ்டூலை விட்டு இறங்கினாள். பேக்கிங்கில் இருந்த கண்ணாடிக்காரி அந்த இடத்துக்குப் போனாள். இவள் கட்டடத்தின் கோடியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிற பகுதிக்குப் போனாள். அங்கே பசை வாடைதான் அதிகம். ஆனால் பத்து மணிக்குச் சாக்லெட் கிரீம் இறங்கும்போது அந்த வாடை பசையையும் தாண்டிக்கொண்டு வந்துவிடும். அப்போது அவள் கைகள் பெட்டியை மடிக்க, தொண்டை தானாக விழுங்கிக்கொள்ளும்.

கூட வேலை செய்கிறவர்கள் நல்லவர்கள். நல்லவர்களால்தான் தொல்லை.

"ஒண்ணு சாப்பிட்டா என்னக்கா ஆகிடும்," என்று ஒருத்தி சூடான பிஸ்கட்டைத் துணியில் மடித்துக் கொண்டு வருவாள். அடுப்பிலிருந்து இறங்கி இரண்டு நிமிஷத்துக்குள் பிஸ்கட்டின் நடுப்பகுதி இன்னும் மெத்தென்று இருக்கும். அந்தச் சூட்டில் அது எப்படி இருக்கும் என்று கம்பெனிக்காரர்களைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது.

"எடுத்துட்டுப் போடி. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"பாவம்க்கா நீ, முகமே வாடிப்போச்சு."

"வாடட்டும். வாடத்தான் பாடுபடறேன்."

அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். நாக்கை எழுப்பவே கூடாது. ஒன்பது வருஷம் வேலை வாங்கின நாக்கு, ஒரு தடவை எழுப்பினால் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். அதனால் வீட்டிலிருந்து வருகிற சூப்பையும் கஞ்சியையும் மருந்து குடிப்பது மாதிரி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாக்கின்மேல் நிற்க விடாமல் தொண்டைக்குள் தள்ளினாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இந்த யுக்தி சரியாகவே வேலை செய்வதாக நினைத்துக்கொண்டாள். பாவம், கெட்டது அதில்தான்.

வீட்டில் சமையல் அவள் வீட்டுக்காரர் வேலை. தையல்காரர். முன்னறையில் மெஷின் போட்டு உட்கார்ந்தபடியே உள்ளே அடுப்பையும் பார்த்துக்கொள்வார். டாக்டர் எழுதிக் கொடுத்த சாப்பாட்டுச் சீட்டை அடுப்படிச் சுவரில் ஒட்டி, காலையில் ஓட்ஸ் கஞ்சி, மதியத்துக்குக் காய்கறி சூப், ராத்திரிக்கும் சூப் என்று நேரம் தவறாமல் கொடுத்தார். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று பேக்கிங்கில் பேசிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை மதியம் ஸ்டோரில் மாவு மூட்டை நிறுக்கிற தராசில் ஏறி நிற்பாள். ஸ்டோர்காரர் கண்ணைச் சுருக்கி முள்ளைப் பார்த்து உரக்கச் சொல்லுவார். முதல் நான்கு வாரம் முள் சொன்ன பேச்சைக் கேட்டது. எண்பத்தெட்டு, எண்பத்தாறரை, எண்பத்தைந்து, எண்பத்துநாலு. பிறகு நின்றுவிட்டது. எண்பத்துமூன்றரை, எண்பத்துநாலு, மறுபடி எண்பத்துமூன்றரை. ஐந்து வாரம் இப்படியே.

"தராசு கெட்டுப்போச்சாண்ணே?"

"அம்பது கிலோ மூட்டைக்கு அம்பதுதான் காட்டுதும்மா," என்றார் அவர், தர்மசங்கடமாக.

வீட்டில் சொன்னபோது தையல்காரர் அவளுடைய வெள்ளை யூனிபார்ம் கோட்டை இடுப்பில் பிடித்து இழுத்துக் காட்டினார். "இங்க பாரு, ரெண்டு விரல் லூசா இருக்கு. உடம்பு இறங்கிட்டுத்தான் வருது. எலும்பு கனமா இருக்கும் சிலருக்கு. கவலைப்படாத."

அவளும் நம்பினாள். எலும்பு கனம் என்று தராசிடம் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல்.

டாக்டர் சொன்ன நாளில் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தராசில் எண்பத்துமூன்று புள்ளி ஆறு. டாக்டர் சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"உங்க தம்பிக்குக் கையில ஊசி போடற ரத்தக்குழாய் ரெண்டாவது தடவையா அடைச்சிருக்கு. இன்னும் ரொம்ப நாள் தள்ள முடியாது. மூணு வாரம் தரேன். அதுக்குள்ள நீங்க வரலைன்னா, வேற வழி பார்க்கணும். வேற வழின்னா வருஷக்கணக்கில காத்திருக்கிறது. அவர் தாங்குவாரான்னு என்னால சொல்ல முடியாது."

வெளியே வராந்தாவில் தம்பி பெஞ்சில் உட்கார்ந்தான். கை முழுக்க ஊதாக் கட்டிகள். முகம் ஊதியிருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா. கோவிச்சுக்காத."

"கேளுடா."

"உனக்கு வேணாம்னா வேணாம்னு சொல்லிடு. வெக்கப்படாத. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

"என்னடா சொல்ற?"

"முதல்ல கடகடன்னு குறைஞ்சது. ஆபரேஷன் கிட்ட வர வர நின்னுபோச்சு. பயமா இருக்கும், எனக்குப் புரியுது. வேலை பண்ற இடமும் அப்படி. எடுத்து வாயில போட்டா யாருக்குத் தெரியப் போகுது."

அவன் சந்தேகப்பட்டதைவிட, மன்னித்துவிட்ட மாதிரி பேசியதுதான் அவளைக் குத்தியது. பக்கத்தில் நின்ற தையல்காரர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே ஜன்னல் வழியாக வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் அவள் இரவுச் சூப்பை நிறுத்தினாள். காலையில் பஸ்ஸில் ஏறாமல் கம்பெனிக்கு நடந்தாள். சனிக்கிழமை தராசில் எண்பத்துமூன்று. அரைக் கிலோதான். இரண்டு வாரம் மீதி. வேலையில் பசை மேசையெல்லாம் சிந்தியது. சாப்பிட்டாயா என்று கேட்டவர்கள்மேல் எரிந்து விழுந்தாள். பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள், அவளுக்கு எட்டு பறந்து இரண்டு மிச்சமிருந்தன.

திங்கட்கிழமை பன்னிரண்டு மணி சுமாருக்கு சூப்பர்வைசர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"அக்கா, ஒரு நிமிஷம் வாங்க. உப்பு பிஸ்கட்டுல ஏதோ இருக்கு. லாரி நிக்குது. ஏத்தலாமா வேணாமான்னு கண்ணாடியம்மாவால சொல்ல முடியல."

"நான் வரலை தம்பி. என்னால முடியாது."

"ஒரே ஒண்ணுக்கா. மூணுகூட வேணாம். நாலாயிரம் பாக்கெட். தப்பாப் போச்சுன்னா என் தலைதான்."

அவள் பசைக் கையைக் கழுவிக்கொண்டு போனாள். ஸ்டூலில் உட்காரவில்லை, நின்றபடியே வெந்நீரால் மூன்று முறை வாய் கொப்பளித்தாள். கண்ணாடிக்காரி தட்டை நீட்டினாள். ஒரு பிஸ்கட். கடித்தாள், மெதுவாக மென்றாள், விழுங்கினாள், கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். ஒன்பது வாரம் தூங்கின நாக்கு விழித்துக்கொண்டது. அழுகையே வந்துவிட்டது அவளுக்கு.

"வெண்ணெய் நல்லாத்தான் இருக்கு. ரெண்டாம் அடுப்புல இடது ஓரத்து பர்னர் ஏறி எரியுது. அடிப்பக்கம் லேசாத் தீயுது. பார்த்தா தெரியாது, கடைசில ஒரு கசப்பு நிக்கும். இடது ஓரத்ததை ஒதுக்குங்க, மீதியை ஏத்தலாம்."

"அதான் நானும் நினைச்சேன்க்கா, சொல்லத் தைரியம் வரல," என்றாள் கண்ணாடிக்காரி. "போன ரெண்டு வாரம் உடைசல் பையில வந்ததுலகூட இதே கசப்பு இருந்துது."

வெள்ளிக்கிழமைதோறும் உடைந்த பிஸ்கட்டை ஆளுக்கு ஒரு கிலோப் பையில் போட்டுக் கொடுப்பது கம்பெனி வழக்கம். இவளும் வாங்கிக்கொண்டு போய் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுவாள். கீழ்வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவதாக அவர் சொல்லியிருந்தார்.

பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். வழக்கம்போல மூச்சைப் பிடித்து விழுங்கப் பார்த்தாள். நாக்கு விடவில்லை, விழித்த நாக்கு. முதல் ஸ்பூனை அது பிடித்து வைத்துக்கொண்டது. கேரட், கோஸ், மிளகு. அதற்கு அடியில் வழவழப்பாக ஒன்று. அதற்கும் அடியில், விழுங்கின பிறகு, லேசான கசப்பு.

இப்போது தின்ற பிஸ்கட்டின் மிச்சமாக இருக்கும் என்று நினைத்தாள். எழுந்து போய் வெந்நீர் வாங்கி ஐந்து தடவை கொப்பளித்துவிட்டு வந்தாள். மறுபடி ஒரு ஸ்பூன். அதே கசப்பு.

"இங்க வாடி," என்று கண்ணாடிக்காரியைக் கூப்பிட்டாள். "இதை ஒரு வாய் குடிச்சுப் பாரு. என்ன இருக்குன்னு சொல்லு."

கண்ணாடிக்காரி குடித்தாள். காத்திருந்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நம்ம உப்பு பிஸ்கட்டைப் பொடிச்சுப் போட்டிருக்குக்கா. வெண்ணெயும் இருக்கு. நிறையவே இருக்கு."

நாக்கக்கா டப்பாவை மூடினாள்.

நாலரை மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது தையல்காரர் ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா. முகம் ஏன் இப்படி இருக்கு? கஞ்சி வைக்கட்டா?"

அவள் டப்பாவைத் திறந்து மெஷின்மேல் வைத்தாள்.

"உடைசல் பிஸ்கட்டை யாருக்குக் குடுக்கறீங்க?"

"கீழ்வீட்டுக்குத்தான்."

"அந்தப் பிள்ளைங்களைக் கூப்பிட்டுக் கேக்கட்டுமா?"

அவர் மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்தார். சட்டையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார்.

"எத்தனை நாளா?"

"ஆறு வாரம் இருக்கும்."

"வெண்ணெய்?"

"கொஞ்சம் போடுவேன்."

"கொஞ்சமில்ல. ஒரு டப்பாவுக்கு ரெண்டு ஸ்பூன். யார்கிட்ட சொல்றீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் தன் தோளில் கிடந்த வெள்ளைக் கோட்டை இழுத்து, இடுப்புத் தையலை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். பழைய தையலைப் பிரித்த ஊசித் துளைகள் வரிசையாக இருந்தன. புதுத் தையல் ஒரு விரல் வெளியே தள்ளி ஓடியது.

"இதையும் பண்ணீங்களா."

"நீ தைரியமா இருக்கணும்னு."

"நான் ஏமாந்து இருக்கணும்னு. வேலியே பயிரை மேய்ஞ்சா நான் யார்கிட்டங்க போய்ச் சொல்றது?"

அவர் மடியிலிருந்த சட்டையை மெஷின்மேல் வைத்தார்.

"ஆஸ்பத்திரியில ஒரு தாள்ல கையெழுத்து வாங்கினாங்க, ஞாபகம் இருக்கா? நீ படிக்காமப் போட்ட. நான் முழுசும் படிச்சிட்டுப் போட்டேன். உயிருக்கு ஆபத்து நேர்ந்தா எங்களுக்குச் சம்மதம்னு எழுதியிருந்துது."

"மூவாயிரம் பேர்ல ஒருத்தருக்குத்தான் அப்படி ஆகும்னு டாக்டர் சொன்னாரே."

"அந்த ஒருத்திக்கும் வீட்டுல ஒரு புருஷன் இருப்பான்ல."

அவள் சுவரோரமாக உட்கார்ந்தாள். கோபம் அடங்கவில்லை.

"அதுக்காக அவன் சாகட்டுமா?"

"நான் அப்படிச் சொல்லல."

"சொல்லல. சமைச்சீங்க."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"எதிர்ல நின்னு வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. அவனை நீ எப்படி வளர்த்தன்னு தெரியும். என்கூடவும்தான் வளர்ந்தான். அவன் போயிட்டா அழுவேன். நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியல. எடை குறையலைன்னா டாக்டரே வேணாம்னுடுவார், யார்மேலயும் பழி வராதுன்னு நினைச்சேன்."

"பழி என்மேல வந்துது. அன்னைக்கு வராந்தாவுல அவன் என்னைக் கேட்டது உங்க காதுல விழுந்துதா இல்லையா?"

"விழுந்துது."

"விழுந்தும் அன்னைக்கு ராத்திரி பிஸ்கட் பொடிச்சீங்க."

அவர் தலையசைத்தார். பொய் சொல்லாமல் தலையசைத்தாரே என்று நினைக்கும்போதே அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"நாளைக்கும் நீங்கதான் சமைக்கப் போறீங்க. நான் அடுப்புகிட்ட வர மாட்டேன். நீங்க எதைப் போட்டாலும் சாப்பிடுவேன். வெண்ணெய் போட்டாலும் சாப்பிடுவேன், ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். ஆனா போட்டீங்கன்னா, அன்னைக்கே அவன் ரூமுக்குப் போய் நீங்களே சொல்லிடணும். உங்க அக்காவை நான் விட மாட்டேன், அவ தப்பு ஒண்ணுமில்லைன்னு. என்மேல சந்தேகத்தை வச்சுக்கிட்டு அவன் போகக் கூடாது."

அன்று இரவு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

காலையில் அவள் எழுந்தபோது தையல்காரர் இல்லை. மெஷின் மூடியிருந்தது. அடுப்பு பற்ற வைக்கவே இல்லை. சுவரில் ஒட்டியிருந்த சாப்பாட்டுச் சீட்டையும் காணோம். வெறும் வெந்நீர் குடித்துவிட்டு வேலைக்குப் போனாள்.

பத்து மணிக்குச் சாக்லெட் கிரீம் இறங்கியது. நேற்று விழித்த நாக்கு இன்றைக்கும் தூங்கவில்லை. கண் இருட்டியது. பக்கத்து மேசைக்காரி பேசாமல் இரண்டு பிஸ்கட்டை அட்டைமேல் வைத்துவிட்டுப் போனாள். இவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். யாருக்காகப் பட்டினி கிடக்கிறோம், அவர் போய்ச் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது, இனி ஒன்று தின்றால் என்ன என்று மனசு வக்காலத்து வாங்கியது. ஒன்றைக் கையிலும் எடுத்துவிட்டாள். விரலில் சூடு ஏறியது. பிறகு இரண்டையும் உடைத்துப் பசை வாளிக்குள் போட்டாள். சூப்பர்வைசர் பார்த்திருந்தால் பசைக்குத் திட்டியிருப்பார்.

சாப்பாட்டு மணி அடித்ததும் வாட்ச்மேன் வந்தார். "அம்மா, உங்க வீட்டுக்காரர் கேட்டுல நிக்கறார்."

கேட்டுக்கு உள்ளே ஒரு சிமெண்டு பெஞ்சு உண்டு. தையல்காரர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. அவள் ஒரு கை தள்ளி உட்கார்ந்தாள்.

"எங்க போயிருந்தீங்க?"

"உன் தம்பிகிட்ட."

நேற்றுச் சொன்ன பேச்சு இது. போட்டால் போய்ச் சொல்ல வேண்டும் என்பதுதான் பேச்சு.

"சொல்லிட்டீங்களா?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேன். பிஸ்கட், வெண்ணெய், கோட்டு, எல்லாம்."

"என்ன சொன்னான்?"

"அடிப்பான்னு நினைச்சேன். அடிக்கல. அக்காவைக் கேட்ட கேள்வியை இனி எப்படி மாமா திரும்ப எடுக்கறதுன்னு கேட்டுட்டு அழுதான்."

அவள் டப்பாவை வாங்கினாள். மூடி இன்னும் சுட்டது. ஸ்பூனை எடுத்தவள் அதைச் சூப்புக்குள் விடாமல் வைத்திருந்தாள். அவரும் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு லாரி ஹாரன் அடித்தது, வாட்ச்மேன் போய்க் கேட்டைத் திறந்து மூடினார்.

முதல் வாயை நாக்கின்மேல் நிற்க விட்டாள். வெண்ணெய் இல்லை. பிஸ்கட் இல்லை. விழுங்கிவிட்டுக் காத்திருந்தாள். கசப்பும் இல்லை. உப்புகூட இல்லை. கேரட்டும் கோஸும் சத்து இறங்கிப்போய், சப்பென்று இருந்தன. காயை வேகவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, மறு தண்ணீரில் மறுபடி வேகவைத்திருந்தார்கள். கிட்னி போனவர்களுக்குத்தான் இப்படிச் சமைப்பார்கள்.

"அவன் ரூம்லயா சமைச்சீங்க?"

"ஆமா. அவனும் இதைத்தான் சாப்பிட்டான். சீட்டை அங்க ஒட்டிட்டேன். இனிமே ரெண்டு பேருக்கும் ஒரே பாத்திரம். அவன் பக்கத்துல நின்னு பார்த்துப்பான்."

அவள் இரண்டாவது ஸ்பூன் எடுத்தாள். மூன்றாவது. ஒன்பது வாரமாக அவளுக்கும் அந்த ஆபரேஷன் மேசைக்கும் நடுவே கிலோ நின்றது, தராசு நின்றது, பிஸ்கட் நின்றது. இப்போது ஒன்றும் இல்லை. இரண்டு வாரத்தில் இந்தச் சப்பென்ற சூப் அவளை அங்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிடும். ஸ்பூன் டப்பாவின் விளிம்பில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டது. தன் கைதான் நடுங்குகிறது என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"எனக்கும் பயமா இருக்குங்க," என்றாள்.

இத்தனை நாளில் அவள் அதைச் சொன்னதே இல்லை. அவர் அவளைப் பார்த்தார். நடுவில் இருந்த ஒரு கை தூரத்தையும் நகர்ந்து வந்து, டப்பாவை அவள் மடியில் ஆடாமல் பிடித்துக்கொண்டார்.

"சாப்பிடு," என்றார். "அவன் வெயிட் பண்றான்."